வட்டக் கீறல்

அந்தக் கீறல் ரீகன் போட்டதில்லை. நான் போட்டது.

சொல்லிவிட்டேன். இதற்கு மேல் படிக்காமல் நீ எழுந்து போனாலும் பரவாயில்லை, முக்கியமானது முடிந்துவிட்டது. ஆனால் போகாதே... கொஞ்சம் இரு. இந்த ஒரு வரியை மூன்று வருடமாக வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். டைப் செய்து பார்த்தால் இத்தனூண்டு இருக்கிறது! இதற்கா இவ்வளவு பயம்?

கேம் சிடியில் விழுந்த ஒரு கீறலுக்கு இப்படி ஒரு பில்டப்பா என்று நீ நினைக்கலாம். நானும் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு சிடி. அதில் ஒரு கோடு. யாரும் சாகவில்லை. ஒரே ஒரு ஆள் மட்டும் கடலுக்குப் போனான்.

ராமநாதபுரத்தில் அரண்மனைக்குப் பின்பக்கச் சந்தில் நைனா அண்ணனின் கடை இருந்தது. வீடியோ கேம் சிடி வாடகைக்கு விடும் கடை. துபாயிலிருந்தும் சவூதியிலிருந்தும் லீவில் வருகிறவர்கள் பிள்ளைகளுக்கு கேம் பெட்டியும் ஒரிஜினல் சிடியும் வாங்கி வருவார்கள். பிள்ளைகளுக்கு அலுத்துப்போனதும் அதெல்லாம் அண்ணன் கடைக்கு வந்து சேரும். நான் அப்போது கீழக்கரைப் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் பரமக்குடி தாண்டி உள்ளே. எங்கள் அய்யா மிளகாய் வெள்ளாமை போடுகிறவர். டவுனில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த நான், வகுப்பு இல்லாத நேரமெல்லாம் அந்தக் கடையில்தான் கிடப்பேன். வேலை என்று சொல்ல முடியாது. ஓசியில் விளையாடிக்கொள்ளலாம், பதிலுக்கு சிடி பார்த்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அந்தக் கடைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சிடியை எடுத்தாலும் சரி, திருப்பிக் கொடுத்தாலும் சரி, கல்லாவுக்கு முன்னால் இரண்டு பேரும் சேர்ந்து முகம் பார்க்க வேண்டும். மின்னுகிற பக்கத்தைத் திருப்பி டியூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடிப்பேன். முதலில் என் முகத்தைப் பார்ப்பேன். அப்புறம் கஸ்டமர் தன் முகத்தைப் பார்ப்பான். முகம் எங்கேயும் உடையாமல் தெரிந்தால் 'முகம் சுத்தம்' என்று இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்து கிடையாது, கையெழுத்து கிடையாது. ரெண்டு பேர் முகம் பார்த்துச் சொன்னதுக்கு மேலே என்ன சாட்சி என்பார் நைனா அண்ணன்.

எனக்கு அந்தப் பார்வை நன்றாக வந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை... சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். எங்கள் பக்கத்து உப்புக்காற்று சிடியைக்கூட விடாது. படம் போட்ட மேல்பக்கத்தில் ஊறி, உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். கீழ்ப்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் பெட்டியில் போட்டால் ஓடாது. வாசலுக்குப் போய் வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தால்தான் தெரியும். பொடிப்பொடியாக ஊசி ஓட்டைகள். ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு துளி வெளிச்சம். நட்டநடுப் பகலில், பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, என் கையகலத்தில் ஒரு ராத்திரி வானம்! அப்படியே நின்றுவிடுவேன். பின்னால் கஸ்டமர் கத்துவான். எனக்குக் கேட்காது.

அந்த வானத்தை என்னோடு சேர்ந்து பார்த்த ஒரே ஆள் ரீகன்.

ரீகன் பாம்பன்காரன். என் வகுப்பில்தான் சேர்ந்தான், இரண்டாம் வருடம் நின்றுவிட்டான். அவன் அப்பாவுக்கு விசைப்படகில் பாதிப் பங்கு இருந்தது. வீட்டில் எல்லோரும் கடல்காரர்கள். இவன் மட்டும் கரையை விட்டுக் கொஞ்சம் விலகினாலே குடலைக் கக்குவான். கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? ரீகனைக் கூட்டிப் போனால் மீனுக்குத் தனியாக இரை போட வேண்டாம் என்பார்கள். அதை அவனே சொல்லிச் சிரிப்பான். ஆனால் சிரித்து முடித்த பிறகு அவன் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

அவனுக்குப் பிடித்தது எங்கள் கடையிலேயே பேர்போன ஒரு சிடி. அண்ணனின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்தது, அட்டையில் அரபி எழுத்து இருக்கும். நாங்கள் 'கப்பல் சிடி' என்போம். ஒரு கப்பலை ஓட்டிக்கொண்டு தீவு தீவாகப் போகிற விளையாட்டு. மற்றவன் எல்லாம் பீரங்கியால் சுட்டுத் தள்ளுவான். ரீகன் சுடவே மாட்டான். கப்பலை நடுக்கடலில் நிறுத்திவிட்டு, முன்பக்க அணியத்தில் தன் ஆளை நிற்க வைத்து, சும்மா பார்த்துக்கொண்டிருப்பான். அலை ஏறும், இறங்கும். மேகம் போகும். தண்ணீர் ஊதாவாகும், பிறகு ஆரஞ்சாகும்.

'இந்தக் கடலும் ஆடத்தாம்லே செய்யிது' என்றான் ஒருநாள். 'ஆனா எனக்கு ஆடல.'

நான் அவனுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். துடைத்தால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும். கைபட்டு விழுகிற கீறல் குறுக்கும் மறுக்குமாக ஓடும், அதைத் தேற்றிவிடலாம். மெசின் போடுகிற கீறல் வட்டமாக விழும். சிடி உள்ளே சுற்றும்போது பெட்டியை அசைத்தால் அந்த வட்டம் வரும், வந்தால் சிடி செத்தது. நைனா அண்ணனுக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. அவருக்குக் கீறல் என்றால் கீறல். இந்தப் பாடம் தெரிந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

அந்த வருடம் அண்ணன் பாம்பனில் ஒரு கிளை போடலாம் என்றார். உட்கார ஆள் வேண்டும். ரீகனைச் சொன்னது நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பஸ் ஸ்டாப் பக்கம் ஒரு ரூம்கூடப் பார்த்தாகிவிட்டது. ரீகனின் அப்பா கெடு வைத்திருந்தார். மீன்பிடித் தடைக்காலம் முடிவதற்குள் கடை கையில் வந்தால் சரி. இல்லையென்றால் தடை விலகிப் படகு இறங்கும் அன்றைக்கு இவனும் ஏற வேண்டும்.

தடைக்காலம் என்றால் சித்திரை வெயில். படகெல்லாம் கரையோடு கட்டிக் கிடக்கும், ஊரே தூங்கி வழியும். அப்படி ஒரு மத்தியானம். அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். ரீகன் வேர்த்து விறுவிறுத்து வந்து கப்பல் சிடியை நீட்டினான். ரூம்காரர் பாம்பனில் காத்திருக்கிறாராம், பஸ் கிளம்பப் போகிறதாம்.

'முகம் பாக்கணும்ல' என்றான்.

'நான் பாத்துக்கிறேன். நீ போலே' என்றேன்.

ஓடினான். நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்! டியூப்லைட்டுக்குக் கீழே என் முகம் முழுசாக இருந்தது. முகம் சுத்தம் என்று தனியாகவே சொல்லிக்கொண்டேன்.

அதோடு உறையில் போட்டு வைத்திருக்கலாம். ஆனால் அந்த மத்தியானம் எப்படி இருந்தது தெரியுமா? சந்தில் ஒரு சத்தம் இல்லை. மேலே ஃபேன், அரைத் தூக்கம். ரீகன் பார்க்கிற மாதிரி நானும் அந்தக் கடலை ஒருதடவை பார்க்கலாமே என்று தோன்றியது. போட்டேன். கப்பலை நடுக்கடலில் நிறுத்தினேன். அலை ஏறி இறங்கியது... ஏறி இறங்கியது... நான் கடையில் இருக்கிறேனா, தண்ணீர் மேல் இருக்கிறேனா என்று தெரியாமல் போய்விட்டது.

படம் நின்றது. அலை பாதியில் உறைந்துபோனது.

எங்கள் கரையில் கேம் பெட்டிகளைக் குப்புறத்தான் போட்டிருப்போம். உப்பேறி உள்ளே சிடியைப் படிக்கும் கண்ணாடி ஓடும் தடம் துருப்பிடித்துவிடும், நேராக வைத்தால் படிக்காது. கவிழ்த்தால் கொஞ்ச நாள் ஓடும். நின்றுபோனால் அணைக்க வேண்டும், சுற்றுவது அடங்கும்வரை பொறுக்க வேண்டும், பிறகு திருப்பி வைக்க வேண்டும். ஊருக்கே இதைச் சொன்னவன் நான். எனக்கு அந்தக் கடல் திரும்ப வேண்டியிருந்தது, உடனே வேண்டியிருந்தது. அணைக்கவில்லை. சுற்றச் சுற்றவே பெட்டியைத் தூக்கித் திருப்பினேன்.

கர்ர்ர் என்று ஒரு சத்தம். தூக்கத்தில் யாரோ பல்லைக் கடித்த மாதிரி.

வெளியே எடுத்தேன். டியூப்லைட்டில் பிடித்தேன். விளிம்புக்குச் சற்று உள்ளே ஒரு வட்டம், முழு வட்டம், சாமான்யமான வட்டமில்லை. நகத்தை வைத்தால் மாட்டியது. பல் பேஸ்ட் வைத்துத் தேய்த்தேன், பனியனால் துடைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. உறையில் போட்டேன். அலமாரியில் அதன் இடத்திலேயே வைத்தேன். அப்போது மனசுக்குள் என்ன ஓடியது? எதுவுமே ஓடவில்லை. அதுதான் எனக்கு இன்னும் புரியவில்லை.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து அண்ணன் வந்தார். யாரோ கப்பல் சிடி கேட்டார்கள். அவரே எடுத்தார், அவரே சாய்த்துப் பிடித்தார். கீறலை விரலால் தடவினார்.

'கடைசியா யாரு தம்பி கொண்டாந்தது?'

'ரீகன்' என்றேன்.

'முகம் பாத்தியளா?'

'இல்லண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வச்சுட்டு ஓடிட்டான்.'

கவனித்தாயா? ஒரு பொய்கூட இல்லை. நீ என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் அதில் ஒரு வார்த்தையைப் பொய் என்று காட்ட முடியாது. படித்த புத்தி இப்படித்தான் வேலை செய்யும் போல... நிஜங்களை மட்டும் பொறுக்கிப் பொறுக்கி அடுக்கி, கடைசியில் ஒரு ஆளைக் கவிழ்க்கலாம்!

அண்ணனுக்குக் கோபம் வந்திருந்தால்கூட நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. அவருக்குக் கோபம் வரவில்லை. சிடியை மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினார். 'கீறல் விழுகும், பொருள்தானே' என்றார். 'முகம் காட்டாமப் போயிருக்கான் பாரு. அதான் தம்பி எனக்கு ஒரு மாதிரியா இருக்கு.'

ரீகன் இரண்டு நாள் கழித்து வந்தான். ரூமுக்குச் சுண்ணாம்பு அடிப்பது பற்றிப் பேச வந்திருந்தான். அண்ணன் அவனை உட்காரச் சொல்லி, டீ சொல்லி, கடை இப்போதைக்கு வேண்டாம், இன்ஷா அல்லா பிறகு பார்ப்போம் என்று சொன்னார். காரணம் சொல்லவில்லை. வெளியே வந்தவன் என்னிடம் கேட்டான். நான் உள்ளே போய் மேசை இழுப்பறையிலிருந்து சிடியை எடுத்துவந்து கொடுத்தேன்.

வாசல் வெயிலில் நின்று சாய்த்துப் பார்த்தான். அவன் கன்னத்தில் சிடியின் வானவில் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, அந்த நிறம், அந்த நடுக்கம்.

'வட்டமால்ல இருக்கு' என்றான். 'மெசின் கீறல்லே இது.'

நான் சொல்லிக்கொடுத்த பாடம். இதோ பிடித்துவிட்டான், முடிந்தது கதை என்று நினைத்தேன். உனக்குச் சொன்னால் நம்ப மாட்டாய், அந்த நொடியில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் சந்தேகம் துளியும் இல்லை. உதவி கேட்கிற கண்.

'உங்க வீட்டுப் பெட்டியும் குப்புறத்தான் கெடக்கா?' என்றேன்.

வெறும் கேள்விதான் கேட்டேன்! அதற்குமேல் எல்லாவற்றையும் அவனே செய்துகொண்டான்.

யோசித்தான். விளையாடிக்கொண்டே தூங்கிப் போனதைச் சொன்னான். அம்மா வீடு கூட்டும்போது பெட்டியை நகட்டியிருக்கும், ஓடிக்கொண்டிருந்தது அதற்குத் தெரிந்திருக்காது என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

'ஒன்னயத்தாம்லே சங்கடத்துல விட்டுட்டேன். நீ நம்பிப் போகச் சொன்ன.'

கேட்டாயா? அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். அதோடும் நிற்கவில்லை. நேராக உள்ளே போனான். அண்ணன் முன்னால் நின்று, என் வீட்டு மெசின்தான் கீறியது, தெரியாமல் கொண்டுவந்துவிட்டேன், தப்புதான் என்றான். வாக்குமூலம் கொடுத்தவன் அவன். குற்றவாளி வாசலில் நின்று வேடிக்கை பார்த்தான்.

அண்ணன் அவன் தோளைத் தட்டினார். 'இத அன்னைக்கே நின்டு சொல்லிருந்தா என்ன வாப்பா' என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பாம்பன் கடை என்கிற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் ரீகன் தன் அம்மாவோடு பெரிய சண்டை போட்டானாம். பெட்டியைத் தொட்டது யார் என்று கத்தினானாம். அதையும் அவனேதான் பிறகொருநாள் எனக்குச் சொன்னான், வெட்கத்தோடு.

தடைக்காலம் முடிந்தது. அவன் ஏறினான்.

நான் டிகிரி முடித்துச் சென்னைக்கு வந்தேன். சாஃப்ட்வேர் கம்பெனி. என்ன வேலை என்று கேள்... டெஸ்டிங்! மற்றவன் செய்ததில் குறை கண்டுபிடிக்கிற வேலை. நல்ல பெயர் எனக்கு. ஒன்றும் தப்பாது என்கிறார்கள்.

ரீகனோடு பேச்சு விட்டுப்போகவில்லை. போனில் பேசுவான். ஊருக்கு வந்தால் பார்ப்பான். ஒருமுறை பாம்பன் கரையில் நின்று, கடல் பழகிவிட்டதா என்று கேட்டேன். 'வாந்தி பழகிருச்சு' என்றான். கரையை விட்டதும் ஒரு மணி நேரம் கக்குவானாம், பிறகு வாயைக் கழுவிக்கொண்டு வலையைப் பிடிப்பானாம். இலங்கை எல்லைப் பக்கம் போகிற நாளில் அவன் அம்மா அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருக்குமாம். பேசிக்கொண்டே சூடை மீனைச் சாக்கில் அள்ளினான். உள்ளங்கை எல்லாம் கயிறு அறுத்த தழும்பு. நான் வேறு பக்கம் பார்த்தேன். தூரத்தில் பாலத்தின் மேல் ரயில் போனது, தண்ணீர் மேலேயே போகிற மாதிரி, சத்தமே இல்லாமல்.

இப்போது சொல்லப் போவதுதான் உண்மையான குற்றம். முதல் கீறலையாவது வயசு, மத்தியானம், தூக்கம் என்று எதன் மேலாவது போடலாம். இதை எதன் மேல் போடுவது?

போன மாதம் லீவில் போயிருந்தேன். ரீகன் தேடி வந்தான். ராமநாதபுரத்தில் ஒரு மொபைல் ரிப்பேர் கடைக்கு ஆள் தேடுகிறார்கள். கடைக்காரர் நைனா அண்ணனுக்குச் சொந்தம், அவரிடம் விசாரித்துத்தான் எடுப்பார். 'நீ ஒரு வார்த்தை சொல்லுலே. ஒம்மேல அண்ணனுக்கு மதிப்பு' என்றான்.

போனேன். அந்த முறை எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றே போனேன். பஸ்ஸில் வரிவரியாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடையில் இப்போது சிடி இல்லை. ரீசார்ஜும் மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவதும்தான். அண்ணனுக்குத் தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம், இந்தத் தம்பி கையில் ஒரு சிடி கெட்டதில்லை, இப்போது சென்னையில் பெரிய வேலை என்றார். நான் ரீகன் பேச்சை எடுத்தேன். நல்ல பையன் அண்ணே என்றேன்.

'நல்ல பையன்தான், யாரு இல்லேண்டு சொன்னா' என்றார். 'ஆனா தம்பி, ஒரு கடையில ஒக்கார வைக்கிறதுக்கு நாளைக்கு நான் பதில் சொல்லணும்ல. ஒனக்கே தெரியும்.'

என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். இதோ, இந்த முதல் வரி, உனக்கு மேலே சொன்னேனே, அது நாக்கு நுனிவரை வந்தது. அவர் என் கையை இன்னும் விடவில்லை. அந்தக் கை சூடாக இருந்தது.

'தெரியும்ண்ணே' என்றேன்.

தெரியும்ண்ணே! கேள்... நான் சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் குறைச்சலாக இருந்திருக்கும்.

வெளியே வந்து ரீகனுக்குப் போன் போட்டேன். சொல்லிவிட்டேன் என்றேன். 'போதும்லே' என்றான். 'கெடைக்காட்டாலும் நீ சொன்னியே, அது போதும்.' கிடைக்கவில்லை. வேறு யாரையோ எடுத்துக்கொண்டார்கள்.

நீ என்னை மன்னிக்க வேண்டியதில்லை. மன்னிக்கிற இடத்தில் நீ இல்லை. உன்னிடம் சொன்னது ஏன் தெரியுமா? சுலபமாக இருந்தது, அதனால்தான். உனக்கு நைனா அண்ணனைத் தெரியாது. நீ பாம்பனுக்குப் போய், ரீகன் என்கிற பையன் யார் என்று விசாரிக்கப் போவதில்லை. இதைப் படித்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பாய். நானும் ஆபீஸ் கிளம்ப வேண்டும்.

விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. இன்று புதன்கிழமை. இந்நேரம் கரையை விட்டிருப்பார்கள்.